மாதா கெபிக்குப் பின்னால் இருந்த ஏரியல்

1

எட்டு வருடமாக இதை எழுதாமல் இருந்தேன். இரண்டு தடவை கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் சிலுவை அடையாளம்கூடப் போட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத்து வராது என்று மனைவிக்குச் சாட்டுச் சொன்னேன். உண்மையான காரணம் அது அல்ல. எழுதினால் முழுவதையும் எழுதவேண்டும். முழுவதையும் எழுத எனக்குத் துணிவு இருக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் எங்கள் கோயில் திருநாளுக்கு மொன்றியலில் இருந்து வந்திருந்த ஒருவர். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே கதையைத் தொடங்கினார்.

"அண்ணை, நீங்கள் ஸ்காபரோ ஆளோ?"

"ஓம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இஞ்ச மல்வேர்னில ஒரு வீட்டு வளவில மாதா சுரூபம் ஒண்டு இருக்காம். கவர்மென்ற் ஆக்கள் மெசினோட வந்து றோட்டு றோட்டாத் தேடினவையாம். கடைசியில மெசின் மாதாவைத்தான் காட்டினதாம். உள்ளுக்க என்ன சக்தி எண்டு அவங்களுக்கே விளங்கேல்லையாம்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"செப லைனில கேட்டது. மாதாவின்ர கையில இருந்து வெளிச்சம் வந்ததாமே. அந்த வெள்ளைக்காரன் அதிலயே முழங்காலில விழுந்து, இப்ப வேதத்துக்கு வந்திட்டானாம். நீங்கள் இவ்வளவு கிட்ட இருக்கிறியள், போய்ப் பாக்கேல்லையோ?"

அந்த வீடு என் வீடு. அந்த மாதா நாங்கள் வைத்த மாதா. வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. மாதாவின் முதுகுக்குப் பின்னால், போனுக்குச் சிக்னல் பிடிக்க நான் கட்டிவைத்த ஏரியல்தான் இருந்தது.

"ஓம், பாத்தனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பினேன். குழாயடியில் நிற்கும்போது வெட்கமாக இருந்தது. அன்று பின்னேரமே இந்தக் கொப்பியை எடுத்தேன்.

2

எங்கள் வீடு வரிசையாக ஒட்டிக் கட்டிய ரவுண்ஹவுஸ்களில் ஒன்று. எங்கள் சுவரும் பக்கத்து வீட்டு மார்லினின் சுவரும் ஒன்றுதான். மார்லின் ஜமேய்க்காவில் இருந்து வந்தவர், முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். அவருடைய கணவர் வின்ஸ்டன் பஸ் ஓட்டினார்.

நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிற எங்கள் பேஸ்மென்றைச் செப அறையாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்குச் செபமாலை. ஒரு பொது நம்பருக்கு எல்லோரும் போன் எடுத்து ஒரே லைனில் சேர்ந்துவிடுவோம். மொன்றியல், லண்டன், பாரிஸ், ஊரில் விடியமுன் எழும்பி இருக்கிற குருநகர்ச் சனம், எல்லோரும் அதில் இருப்பார்கள். தொடங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. இன்றைக்கு வைஃபையில் சும்மா கதைக்கிறோம். அந்த நாட்களில் எங்களுக்கு அது தெரியாது. பேஸ்மென்றுக்கு இறங்கினால் என் போனில் சிக்னல் கோடு ஒன்றும் நிற்காது. செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தில் என் குரல் அறுந்துபோக, லண்டனில் இருப்பவர்கள் "அண்ணை, இருக்கிறியளோ? அண்ணை?" என்று கூப்பிடுவார்கள். செபம் குழம்பிப்போகும்.

மனைவி ஜெசிந்தாவின் தம்பி அல்போன்ஸ்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். சிக்னல் பூஸ்ரர். எங்கோ ஒன்லைனில் எடுத்தது. வெளியே வைக்க ஒரு ஏரியல், உள்ளே வைக்க ஒரு ஏரியல், நடுவில் ஒரு பெட்டி. கூட வந்த தாளில் ஒரு எழுத்தும் எங்களுக்கு விளங்கவில்லை.

"அத்தார், வெளி ஏரியலைக் கூரையில பூட்டவேணும்" என்றான்.

கூரையில் எதையும் பூட்டக் கூடாது என்று ரவுண்ஹவுஸ் நிர்வாகம் கடிதம் அனுப்பியிருந்தது. முன்னர் ஒருவர் பூட்டிய டிஷ்ஷைக் கழற்றவைத்தவர்கள் அவர்கள். பின்வளவில், பேஸ்மென்ற் யன்னலுக்கு நேரே, எங்கள் மாதா கெபி இருந்தது. குகைபோலக் கல் அடுக்கி நான் கட்டியது. சுரூபத்துக்குப் பின்னால் ஒரு முழம் இடம் சும்மா கிடந்தது.

"அங்க வைச்சா ஒருத்தரும் காணமாட்டினம். மாதாவும் பாத்துக்கொள்ளுவா" என்றாள் ஜெசிந்தா.

அப்படியே செய்தோம். கம்பியை யன்னலால் உள்ளே எடுத்து, உள் ஏரியலைப் பீடத்தில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு யன்னல் கண்ணாடியைத் தவிர இரண்டு ஏரியலுக்கும் இடையில் ஒன்றும் இல்லை. என் போனில் கோடு முழுவதும் நிறைந்தது. அன்று செபமாலை ஒரு இடத்திலும் அறவில்லை. அல்போன்ஸ் பெட்டிக்கு மேல் ஒரு செபமாலையும் கொழுவிவிட்டான். பெட்டி கெதியாய்ச் சூடாகும், அதனால் செப நேரத்துக்கு மட்டும் போடுவோம். மெழுகுதிரி கொளுத்தும்போது சுவிச்சைப் போடுவது, திரியை அணைக்கும்போது சுவிச்சையும் அணைப்பது. அது எங்கள் செபத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

3

அடுத்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிகளில் சிலுவைப்பாதையும் சேர்வதால் எட்டரை மணி வரை போகும். ஆறாம் தலம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலே முன்கதவில் இடி. கைவிரலால் தட்டுவது அல்ல, முழுக் கையாலும் அடிக்கிற சத்தம்.

ஜெசிந்தா ஓடிப்போய்த் திறந்தாள். மார்லின், காலில் செருப்பும் இல்லாமல், பனிக்குள் நின்றார். வின்ஸ்டன் குசினியில் விழுந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுக்கிறது. தன் போன் போகவில்லை. அவசர நம்பருக்கு மூன்று தரம் அடித்தும் போகவில்லை என்றார்.

நான் செப லைனை வெட்டிவிட்டு என் போனால் அவசர உதவிக்கு அடித்தேன். உடனே போனது. அம்புலன்ஸ் வந்தது. வின்ஸ்டன் உயிர் பிழைத்தார். ஆனால் இடது கை திரும்ப எழும்பவில்லை. பஸ் ஓட்டுவது அன்றோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு மார்லின் எங்கள் வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்கள் போன் இல்லாவிட்டால் என் மனிசன் இல்லை. கடவுள்தான் உங்களை எனக்குப் பக்கத்து வீட்டில் வைத்தார்" என்றார். நான் அன்று உண்மையாகவே சந்தோசப்பட்டேன். கெபிக்குப் போய் நன்றி சொன்னேன். மாதாவுக்குப் பின்னால் ஏரியல் பத்திரமாக இருந்தது.

4

இந்த இடத்தில் என் அப்பாவின் ரேடியோவைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க ஊரில் லைசன்ஸ் எடுக்கவேண்டும். அப்பா அந்தச் சின்னப் புத்தகத்தை வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். கேட்பதற்கு எதற்கு லைசன்ஸ் என்று எனக்குச் சின்னனில் விளங்கியதில்லை. பிறகு சண்டைக் காலம். பற்றரி ஊருக்குள் வர அரசாங்கம் விடாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். அந்த நாட்களில் கூரைக்கு மேல் ஒரு கம்பி தெரிந்தாலே பயம். எங்கள் ஒழுங்கையில் ஒருவரை, அவர் வீட்டு உடுப்புக்கொடிக் கம்பியைக் காட்டி, ஏரியல் என்று சொல்லி ஆமி பிடித்துக்கொண்டு போனது. இரண்டு நாளால் திரும்பி வந்தவர் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அதனால்தான், வின்ஸ்டன் விழுந்து மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, செப நேரத்தில் மகள் ஷெரின் பேஸ்மென்ற் படியில் நின்று "அப்பா, கவர்மென்ற் ஆள் வந்திருக்கு. ஏதோ ரேடியோ சிக்னல் பற்றியாம்" என்று சொன்னபோது எனக்கு அந்தப் பழைய பயம் திரும்ப வந்தது. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. செபத்துக்கு இறங்குவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"என்ன கேக்கிறார்?"

"ஸ்ரொப் பண்ண வேண்டாமாம். நீங்கள் என்ன செய்யிறீங்களோ அதை அப்பிடியே செய்யட்டாம். ஹீ ஜஸ்ற் வோண்ட்ஸ் ரு லுக் அரவுண்ட்."

செபத்தை அப்படியே செய்யச் சொல்லும் அரச உத்தியோகத்தரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. லைனில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். மூன்றாம் தேவ இரகசியத்தைத் தொடங்கினேன்.

இன்னும் பொழுது படவில்லை. பேஸ்மென்ற் யன்னலால் முதலில் இரண்டு சப்பாத்துத் தெரிந்தது. பிறகு மீன்முள்ளைப் போல ஒரு ஏரியல், மறு கையில் ஒரு கருவி. நரைத்த தாடிக்காரர். வேலிப்பக்கம் திருப்பினார், மார்லின் வீட்டுப்பக்கம் திருப்பினார். பிறகு மெல்ல மெல்ல நடந்துவந்து, கெபிக்கு முன்னால் நின்று, அந்த மீன்முள்ளை நேரே மாதாவுக்கு நீட்டினார். அப்படியே நின்றார். பின்னர் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் கல்லில் ஒரு முழங்காலை ஊன்றினார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அல்போன்ஸால் அடக்க முடியவில்லை.

"ஐயோ மாதாவே! அத்தார், மெசின் மாதாவைக் காட்டுது! ஆள் முழங்காலில விழுந்திட்டான்!"

போன் திறந்தே இருந்தது. நாற்பது பேரும் கேட்டார்கள். மொன்றியல்காரர் சொன்ன கதை பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

5

அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அடையாள அட்டையைக் காட்டினார். இறங்கலாமா என்று அனுமதி கேட்டார். எங்கள் கடதாசிகள் ஒன்றையும் கேட்கவில்லை. பீடத்தில் ஏரியலைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"சுவிச்சை நிப்பாட்டட்டாம்" என்றாள் ஷெரின்.

நிப்பாட்டினேன். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். அவர் கருவியை எங்கள் பக்கம் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார். கச்சான் காற்றில் கடல் இரைகிற மாதிரி ஒரு பேரிரைச்சல். அந்தச் சின்னப் பெட்டியில் இருந்து, எங்கள் காதுக்குத் தெரியாமல், இவ்வளவு சத்தம். எனக்கு உடம்பு புல்லரித்தது.

"அப்பா, ரெண்டு ஏரியலும் பக்கத்தில பக்கத்தில இருக்கிறதால, பொக்ஸ் தன்ர வொய்சைத் தானே கேட்டுத் திருப்பிக் கத்துதாம். மைக்குக்குக் கிட்ட ஸ்பீக்கரை வைச்சாக் கூ எண்டு வருமே, லைக் தற். ஆனா அது எங்களுக்குக் கேக்காது. போன் கம்பனியின்ர ரவருக்குத்தான் கேக்கும். அந்த நொய்ஸில ரவருக்கு மற்ற ஆக்களின்ர போன் கேக்காதாம்."

"எங்கட போன் நல்லாத்தானே கேக்குது?" என்றான் அல்போன்ஸ்.

"மாமா, எங்கட போன் பொக்ஸுக்குப் பக்கத்திலயே இருக்கு. அதுதான் வின் பண்ணுது. மற்றவைதான் லூஸ் பண்ணுறது."

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். இந்த நாட்டில் பூஸ்ரர் என்றால் அது பரிசோதிக்கப்பட்டு, சான்று நம்பர் பொறித்திருக்க வேண்டுமாம். அப்படி இல்லாததை விற்பதும் கொண்டுவருவதும் பூட்டுவதும் குற்றம். சான்று உள்ளதையும் போன் கம்பனியின் சம்மதத்தோடுதான் பூட்டலாம். ஏனென்றால் காற்றில் அந்த அலைக்கு இடம் அளந்து, அரசாங்கம் அவர்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. எங்கள் பெட்டியின் முதுகில் ஒரு நம்பரும் இல்லை. வழுவழு என்றிருந்தது.

காணிக்கு உறுதிப் பத்திரம் இருப்பதுபோல் காற்றுக்கும் உறுதி இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். காண்பவை காணாதவை எல்லாம் படைத்தவரை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறவன் நான். காணாதவை என்றால் சம்மனசுகளான வானதூதர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் தலைக்கு மேலே, மெழுகுதிரிப் புகைக்கு ஊடாக, எத்தனையோ ஆயிரம் பேருடைய குரல் ஒன்றோடு ஒன்று முட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் காவல் காக்க ஒரு மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் வீட்டில் நிற்கிறார்.

பிறகு அவர் ஒரு தாளை விரித்தார். எங்கள் பகுதியில் இரைச்சல் வந்த நாளும் நேரமும் அதில் கறுப்புக் கோடுகளாக இருந்தன. தினம் ஏழு மணிக்குத் தொடங்கும் ஒரு கோடு. பட்டறை மெசின் என்று நினைத்தார்களாம், பிறகு மின்சார வெல்டிங் என்று நினைத்தார்களாம். அவர் ஷெரினிடம் ஏதோ கேட்க அவள் சிரித்துவிட்டாள்.

"எந்த மெசின் வெள்ளிக்கிழமையில மட்டும் எட்டரை வரைக்கும் ஓடும் எண்டு கேக்கிறார்."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். "இது சிலுவைப்பாதை" என்றாள். விரலை நகர்த்தினாள். "இந்தா, இந்த நாள் ஒண்டும் இல்லை. பெரியம்மாவின்ர செத்தவீட்டுக்கு மொன்றியல் போனம்."

எங்கள் வீட்டுச் செபக் கலண்டர் முழுவதையும் காற்றைக் கேட்டே அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஷெரின் அதைச் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் ஜெசிந்தாவின் விரல் ஒரு நீளமான கோட்டில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"இஞ்சாருங்கோ" என்றாள். குரல் மாறியிருந்தது. "இது வின்ஸ்டன் விழுந்த வெள்ளி."

மூன்று தரம் அடித்தும் போகாத போன். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், நாங்கள் ஆறாம் தலம் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன என்று ஷெரினைக் கேட்டார்.

"அப்பா, சொல்லட்டோ?"

"வேண்டாம்" என்றேன்.

6

அபராதம் விதிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். கழற்றிய பெட்டியை இனி எங்கும் பூட்டக் கூடாது என்றார். போகும்போது, செபத்தைக் குழப்பியதற்கு மன்னிக்கச் சொன்னார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த மாதம் சான்று நம்பர் உள்ள பெட்டி எடுத்தோம். ஷெரின் நம்பரை அரசாங்கப் பட்டியலில் ஒத்துப் பார்த்தாள், போன் கம்பனிக்கு அடித்து எங்கள் விலாசத்தைக் கொடுத்துச் சம்மதம் வாங்கினாள். நிர்வாகத்துக்கும் எழுதினாள். ஏரியல் கூரைக்குப் போனது. பூட்டும் முன், எனக்கு விளங்க வேண்டும் என்று இரண்டு ஏரியலையும் வேண்டுமென்றே கிட்டக் கிட்டப் பிடித்துக் காட்டினாள். பெட்டியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. பெட்டி தானாக அடங்கிவிட்டது.

"தான் பிழையாக் கத்துறன் எண்டு அதுக்கே தெரியும், அப்பா. தெரிஞ்சா ஷட் அப் பண்ணிடும். அந்த ரெஸ்ற் பாஸ் பண்ணினால்தான் நம்பர் குடுப்பினம்."

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தன் குற்றத்தைத் தானே கண்டு அடங்குகிற பெட்டி. அதற்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மார்லின் ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸ் அன்று, தன் ஊர்க் கறுப்புக் கேக் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் அதே சொல்: "உங்கள் போன்." நான் வாங்குவேன். தலையை ஆட்டுவேன். ஜெசிந்தா குசினிக்குள் போய்விடுவாள். கேக்கை அவள் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. மறுபக்கம் செப லைனில் மாதாவின் புதுமை என்ற அற்புதக் கதை வளர்ந்துகொண்டு போனது. அல்போன்ஸிடம் கேட்டேன், "ஏன்டாப்பா உப்பிடிச் சொல்லித் திரியிறாய்?"

"நான் கண்டதைத்தானே அத்தார் சொன்னனான். வெளிச்சத்தை நான் சொல்லேல்ல. அது பாரிஸ்காரர் போட்டது."

நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சனம் எங்கள் வளவுக்கு வந்து பூ வைத்துச் செபித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. மாதாவின் பெயரில் பொய் வளர நான் இடம் கொடுத்தேன். அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் குருவானவரிடம் சொல்வது லேசு. மார்லினிடம் சொல்வது வேறு.

7

திருநாளில் இருந்து வந்த அன்று ஒட்டாவாவில் வேலை செய்கிற ஷெரினுக்குப் போன் எடுத்தேன். செபமாலை சொல்கிறாளா என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. மொன்றியல்காரரின் கதையைச் சொன்னதும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"வெயிற். அப்பா, நீங்கள் மார்லின் அன்ரிட்ட சொல்லவேயில்லையோ? எட்டு வருசமா? சீரியஸ்லி?"

அடுத்த நாள் பகல் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். மார்லின் திறந்தார். பின்னால் வின்ஸ்டன் மடியில் இடது கையை வைத்துக்கொண்டு ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பிழை பிழையாக, எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, கெபி, வெள்ளிக்கிழமைக் கோடு, நான் சொன்ன "வேண்டாம்". அன்று என் போன் போனதற்கும் அவருடைய போன் போகாததற்கும் காரணம் ஒரே பெட்டி என்று சொன்னேன்.

மார்லின் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வலது கையை விரித்து, அதை முன்பு காணாதவர்போலப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"என் விரல் நடுங்கினது. நான் பிழையான நம்பரை அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று தரமும் பிழையாக அடித்தேன் என்று. முதியோர் இல்லத்தில் எத்தனை பேருக்கு அவசரத்துக்கு அடித்திருக்கிறேன், என் மனிசனுக்கு அடிக்கத் தெரியாமல் போனதே என்று. எட்டு வருடம், ஒவ்வொரு நாளும், அவர் கையைக் கழுவிவிடும்போது."

வாசற்படியில் குந்திவிட்டேன். அவருடைய நன்றியைத் திருடினேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் சுமந்த பாரத்தை நான் அறியவேயில்லை. எட்டு வருடத்துக்கு முன்பே நான் ஒரு சொல்லில் இறக்கி வைத்திருக்கக்கூடிய பாரம் அது.

"நான் பிழையாக அடிக்கவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "சரியாகத்தான் அடித்தீர்கள்."

"திரும்பச் சொல்லுங்கள். அவருக்கும் கேட்க."

எழும்பி நின்று, உள்ளே இருந்த வின்ஸ்டனுக்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னேன். அவர் ரீவியை நிறுத்தினார். மார்லின் கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. சாத்தினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. இந்த நத்தாருக்குக் கேக் வராவிட்டால் அது நியாயம்.

கெபியில் மாதா இன்னும் நிற்கிறா. பின்னால் இப்போது கல் மட்டும்தான். அந்த வளவில் புதுமை ஒன்று நடந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். யாரென்றே தெரியாத ஒருத்தியின் அவசரக் குரல் போய்ச் சேரவேண்டும் என்று சட்டம் எழுதி, பெட்டியைப் பரிசோதித்து நம்பர் குத்தி, அதைக் காக்க ஒரு மனிதரைப் பனிக்குள் நடக்க விடுகிற ஒரு நாட்டில், கர்த்தர் என்னைக் கொண்டுவந்து வைத்தாரே, அதுதான். அதற்கு மேல் வெளிச்சம் எனக்குத் தேவையில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு மன்றாட்டு. செப லைனிலோ திருநாளிலோ எங்கள் வீட்டுக் கதை உங்கள் காதுக்கு வந்தால், அதற்குப் பதிலாக இதைக் கொடுங்கள். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், என்மேல் இரங்கி ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். நேரம் இல்லை, முழுவதும் சொல்ல ஏலாது என்றால், என்னையும் மாதாவையும் அந்த நரைத்த தாடிக்காரரையும் விட்டுவிடுங்கள். இதை மட்டும் சொல்லுங்கள்: மார்லின் மூன்று தரமும் சரியாகத்தான் அடித்தார்.